தம்பியின் மூக்கும் சித்தப்பாவின் எலுமிச்சம்பழமும்

தென்காசியில் எங்கள் தெருக்காரர்களுக்குத் திங்களும் வியாழனும் காலண்டர் பார்க்காமலே தெரிந்துவிடும். காலை ஆறரை மணிக்கு என் தம்பி, "கொல்லுதாங்க, கொல்லுதாங்க" என்று கத்துவான். அவனை யாரும் கொல்லவில்லை. மூக்கில் குச்சியை விட்டுக் கொரோனா இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா முதல் வாரம் பதறியடித்து ஓடி வந்தாள். அடுத்த வாரம் வாசல் தெளித்தபடியே, "ஓ, இன்னைக்கு வியாழக்கெழமல்லா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இத்தனைக்கும் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்துத் தாளாளர். ஊரடங்கெல்லாம் ஓய்ந்து, பள்ளிக்கூடம் திறந்து, ஜனங்கள் முகக்கவசத்தை மறந்துகொண்டிருந்த காலம். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அருவிக்குப் போகிற பாதையில்தான் எங்கள் பள்ளிக்கூடம். சீசனுக்கு வருகிறவர்கள் குளித்த கையோடு கிருமியை நம் பிள்ளைகள் மேல் ஊதிவிட்டுப் போய்விடுவார்கள் என்று தாளாளருக்கு ஒரே பயம். சட்டம் போட்டுவிட்டார். சீசன் முடிகிறவரை வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே பரிசோதனை செய்ய வேண்டும். கிட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதிவைத்துப் போட்டோ பிடித்து, ஏழரை மணிக்குள் வகுப்புக் குரூப்பில் போட வேண்டும். ஒரு கோடு விழுந்தால் பள்ளிக்கூட வேனில் ஏறலாம். இரண்டு கோடு விழுந்தால் வீட்டோடு கிடக்க வேண்டும். போட்டோ வராவிட்டாலும் வீட்டோடுதான்.

சாரல் காலத்தில் தென்காசியில் மூக்கு ஒழுகாத பிள்ளை எங்கே இருக்கிறது? துவைத்த பாவாடை கொடியிலேயே கிடந்து நாறும். காற்றில் எந்நேரமும் ஈரம். தம்பி பிறந்ததிலிருந்தே ஆனி ஆடியில் சளியோடு அலைகிறவன். "அருவியில தண்ணி விழுதோ இல்லையோ, இவன் மூக்குல விழுந்துரும்" என்பாள் அம்மா. அந்த மூக்கில் கிருமி இல்லை என்று வாரத்துக்கு இரண்டு முறை நிரூபிக்க வேண்டியிருந்தது.

தம்பி அப்போது யு.கே.ஜி. கிட் பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் மறைந்துவிடுவான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், ஒரு நாள் அழுக்குத்துணிக் கூடைக்குள். அம்மா இழுத்துக்கொண்டு வந்து மடியில் மல்லாத்துவாள். அவன் காலைப் பிடிக்க வேண்டியது நான். எனக்கும் பரிசோதனை உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் காட்டிவிடுவேன். ஒரு நாள் "ஆ" என்றதற்கு, "ஏட்டி, நீயுமா?" என்று அம்மா கேட்ட கேள்வியில் என் வாய் அடைத்துப்போனது. மூத்த பிள்ளைக்கு அலறுகிற உரிமையெல்லாம் கிடையாது. காலைப் பிடித்து உதை வாங்குகிற உரிமைதான்.

கோடு விழக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணிக்குள் அம்மா இட்லியை எடுத்து, எனக்குச் சடை பின்னி, தம்பிக்கு மூக்கைச் சிந்திவிட்டு, குரூப்பில் வந்து விழுகிற மற்றப் பிள்ளைகளின் ஒற்றைக் கோடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "எல்லா வீட்லயும் பிள்ளைங்க மூக்கக் காட்டுதுங்க. எனக்குன்னு வாய்ச்சிருக்கு பாரு."

அப்பா ராணுவத்தில் இருந்தார். வடக்கே ஏதோ ஒரு மலையடிவாரம். அவருக்கு இரண்டு முறை லீவு கொடுத்து இரண்டு முறையும் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். தம்பிக்கு அவர் முகம் போனில் மட்டுமே பழக்கம். "போன் அப்பா" என்றுதான் சொல்லுவான். எங்கள் வீட்டு மூக்குச் சண்டை நடக்கிற காலையில் சில சமயம் அப்பா வீடியோவில் வருவார். "தலையை நேராப் பிடி. பயப்படாம இருலே, ஒரு நிமிசம்" என்று உத்தரவு போடுவார். அம்மா போனை என் கையில் திணிப்பாள். "அங்கன இருந்துக்கிட்டு நல்லாச் சொல்லுதிய. இங்கன வந்து ஒரு நாள் பிடிங்க, தெரியும்."

கடைசியில் அவர் வந்தேவிடப் போகிறார் என்று ஆனது. ரயில் ஏறிவிட்டார், வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் இறங்குகிறார். லீவு என்னவோ கொஞ்ச நாள்தான். "வீட்ல யாருக்கும் ஒண்ணும் வராமப் பாத்துக்கோ. வந்துட்டுன்னா நான் வெளியதான் தங்கணும்" என்று ரயிலிலிருந்து சொன்னார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போவதைத் தவிர அம்மா எங்களை வாசல் தாண்டவிடவில்லை. யாராவது தும்மினால் திரும்பிப் பார்க்கிற பார்வையிலேயே தும்மல் பாதியில் நின்றுவிடும்.

அண்ணனை ஸ்டேஷனில் இருந்து கூட்டிவர வேண்டும் என்று சித்தப்பா புதன்கிழமையே வந்துவிட்டார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தவர். எப்போது வந்தாலும் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வருவார். நல்ல மனுஷன். எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருப்பார் என்பதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு.

வியாழக்கிழமை காலை. என் கிட்டில் ஒரு கோடு விழுந்து போட்டோவும் போயாயிற்று. பெட்டியில் இன்னும் இரண்டு கிட்தான் பாக்கி. கடைகளில் எங்கு கேட்டாலும் ஸ்டாக் இல்லை. தம்பி அன்றைக்கு அம்மாவின் கையைக் கடித்துவிட்டுக் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மணி ஏழைத் தாண்டிவிட்டது. அம்மா கதவைத் தட்டுகிறாள், அவன் உள்ளே இருந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறான். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மதினி, பச்சப் பிள்ளைய இந்தப் பாடு படுத்துதிய? அவங்க என்ன மூக்கையா வந்து பாக்கப் போறாங்க? கோட்டத்தான பாக்காங்க. ரெண்டு சொட்டுத் தண்ணிய விட்டா ஒரு கோடு வந்துட்டுப் போவுது."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிபட்ட கையை உதறிக்கொண்டு கதவையே பார்த்து நின்றாள். அதுவே சம்மதம் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். ஒரு கிட்டைப் பிரித்தார். மேசையில் இருந்த தம்ளரில் விரலை முக்கிச் சொட்டுவிட்டார். "முடிஞ்சுது சோலி" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கால் மணி முடிவதற்கு முன்பே முதல் கோடு வந்தது. அதை அடுத்தே இரண்டாவது கோடும் வந்தது, மை போட்டு இழுத்த மாதிரி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அதேதான். அம்மா கிட்டையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தத் தம்ளர்ல எடுத்திய?"

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. "நான் குடிச்சிட்டு வச்ச தம்ளர் மதினி. எச்சித் தண்ணி." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ எனக்குத்தான் இருக்கு."

அதுவரை கல்லுக்குண்டு போல இருந்த மனுஷனுக்கு அந்த நிமிடத்திலிருந்து இருமல் வந்தது. தொண்டை கரகரத்தது. முதுகு வலித்தது. மணம் தெரியாமல் போனால் கொரோனாதான் என்று அப்போது பிள்ளைகள்கூடச் சொல்லும். அவர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கில் வைத்து உறிஞ்சினார். இன்னொன்றை எடுத்துக் கீறினார்.

"மணக்கலையே மதினி! ஒண்ணுமே மணக்கலையே!"

அவருக்கு எப்படி மணக்கும்? விடிந்தால் அடைந்தால் எலுமிச்சை மூட்டைக்கு நடுவிலேயே கிடக்கிற மூக்கு அது. மண்டிக்காரருக்கு எலுமிச்சை வாசம் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கெல்லாம் வீடே மணந்தாலும்.

அம்மாவுக்கு அழுகை முட்டியது. "நாளைக்கு அவுக வராக. ரெண்டு தடவ இல்ல இல்லன்னு ஆயி, இப்பத்தான் வராக. இன்னைக்குன்னு பாத்து இத இழுத்து வச்சிருக்கியளே!" என்று சத்தம் போட்டாள். பிறகு கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு கடைசிக் கிட்டை எடுத்தாள். "உக்காருங்க. தலைய நிமித்துங்க. ஏட்டி, சித்தப்பா காலப் பிடி."

தம்பி அலறியதெல்லாம் ஒரு அலறலே இல்லை. குச்சி உள்ளே போனதும் சித்தப்பா, "எம்மா, மூளையத் தொடுது, மூளையத் தொடுது" என்று போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அக்கா வாசல் வரை வந்து, "இன்னைக்குப் பய குரலே மாறிட்டே!" என்றாள். குளியலறைக் கதவு திறந்தது. தம்பி சொட்டச் சொட்ட நனைந்து நின்று, சித்தப்பா துள்ளுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தான். நான் காலை விடவில்லை. விட்டால் எனக்கல்லவா ஏச்சு?

ஒரு கோடு. ஒன்றே ஒன்று. அம்மா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அந்தத் தம்ளரை எடுத்துச் சாய்த்தாள். அடியில் இரண்டு எலுமிச்சங்கொட்டை.

"தொண்டைக்கு இதமா இருக்கட்டும்னு வெந்நியில பிழிஞ்சு..." என்று சித்தப்பா இழுத்தார்.

"புளிச்ச தண்ணிய ஊத்துனா அது ரெண்டு கோடு என்ன, ஒம்பது கோடும் காட்டும்!" அம்மாவுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று கடைசிக் கிட்டும் தீர்ந்துபோனது. சித்தப்பா அடங்கவில்லை, தன்னுடைய ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் தம்பி பெயரை எழுதி அனுப்பிவிடலாமே என்றார். அம்மா ஒரு முறை முறைத்தாள். "நீங்க இனி ஒரு யோசனையும் சொல்லாதிய. பய இன்னைக்கு வீட்டுலயே கெடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பாவின் பைக்கில் அப்பா வந்து இறங்கினார். கறுத்து மெலிந்திருந்தார். தம்பி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, போனுக்கு வெளியே இவ்வளவு பெரிதாக இருக்கிறாரே என்று பார்த்தான். நான் ஓடப்போனேன். "ரயில் அழுக்கு, குளிச்ச பொறவுதான்" என்று அம்மா என் சடையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மாவும் படி இறங்கவில்லை. அவள் முகம் மட்டும் அப்படி மலர்ந்து கிடந்தது.

"இரு, இரு. மொதல்ல நம்ம பயலுக்கு ஒண்ணு காட்டணும்" என்றார் அப்பா. தென்காசியில் கிட் இல்லை என்று அம்மா போனில் புலம்பியதைக் கேட்டுச் சென்னையில் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். வாசலில் நின்றபடியே ஒன்றைப் பிரித்தார். "ஏலே தம்பி, இங்க பாரு. அப்பா அழுதேனா? இங்க பாரு, சிரிக்கேன்." குச்சியை மூக்கில் விட்டுச் சுற்றினார், இரண்டு பக்கமும், சிரித்துக்கொண்டே. தம்பி கதவை விட்டு வெளியே வந்துவிட்டான். அவனுக்கு வாய் மூடவில்லை. கிட்டைத் திண்டில் வைத்துவிட்டு, கோடு விழுகிறவரை அப்பா ரயிலில் பார்த்ததையெல்லாம் தூர நின்றே சொன்னார்.

இரண்டு கோடு.

"அப்பாவுக்கு ரெண்டு! எனக்கு எப்பவும் ஒண்ணுதான்" என்று தம்பி பொறாமையோடு சொன்னான்.

அம்மா படியில் நின்றபடியே கிட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ரயில்ல ஏதும் எலுமிச்சம்பழச் சாறு குடிச்சியளா?" என்று கேட்டாள். அப்பா விளங்காமல் பார்த்தார். "லெமன் டீ, சர்பத், ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அவர் தலையாட்டினார், இல்லை என்று. இன்னொரு கிட்டிலும் பார்த்தார். அதிலும் இரண்டுதான்.

"யாரு உங்கள இப்பப் பாக்கச் சொன்னா?" என்று அம்மா கத்தினாள். "ஒரு நாள் கழிச்சுப் பாத்தா ஆவாதா? யாரு கேட்டா?" அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கட்டு வழியாக மாடி அறைக்குப் போனார். கூடவே பைக்கில் வந்த சித்தப்பா அடுத்த நிமிடமே புளியங்குடிக்குப் பறந்து, மண்டிக்குள் கதவை அடைத்துக்கொண்டார்.

அந்த லீவு முழுக்க அப்பா மேலேயும் நாங்கள் கீழேயும் இருந்தோம். சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அம்மா வைப்பாள். அவள் கீழே இறங்கி வந்த பிறகு அப்பா எடுத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. தட்டு கொண்டுபோவதற்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் அம்மா முகம் கழுவினாள், நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினாள், பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். வைத்துவிட்டு வந்தும் உள்ளே வராமல் முற்றத்திலேயே நிற்பாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும், தம்பி கத்திக்கொண்டிருப்பான். படியில் ஒரு தட்டை வைத்துவிட்டு வர எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்டால், "சும்ம கெடட்டி மூதி" என்பாள்.

அப்பாவும் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி கீழேயே பார்த்து நிற்பார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நாள் அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவுக்கு ரொம்பப் பசிக்கி போலம்மா. எப்பப் பாத்தாலும் மேல நின்னு நம்மளயே பாத்துக்கிட்டு இருக்காக. கூட ரெண்டு தோச வையேன்."

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். கூட இரண்டு தோசை வைத்தாள்.

அப்பா சாப்பிட்டுவிட்டுப் படிக்கட்டில் திரும்ப வைத்த தட்டை எடுக்க நான்தான் போனேன். தோசைகள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. அவ்வளவு நேரம் காத்து நின்றுவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது.