குமிழ் பார்த்துச் சொல்பவர்

தாம்பரத்தில் என் பழைய காருக்கு ஒரு மெக்கானிக் இருந்தார். ஒல்லியான ஆள், முழங்கை வரை கிரீஸ். கார் சூடானால் நான் வெயிலைத் திட்டுவேன். அவரோ ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார்.

“குமிழ் வருது பாரு சார். எஞ்சின் காத்து தண்ணில கலக்குது. ஹெட் கேஸ்கெட் பூட்ச்சு, கழட்டியே ஆவணும்,” என்றார் அன்று.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஓர் எக்ஸ்ரே படத்தை நீட்டினார். மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த அவர் மனைவியின் நெஞ்சு.

“படிச்சவரு, பாத்துச் சொல்லு சார். திங்கக்கெழமை டாக்டராண்ட போவணும். பயமா கீது.”

நான் படித்தது பொருளாதாரம். அதிலும் தேறியது மூன்றாம் வகுப்பில். ஆனாலும் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, “நல்லாத்தானே இருக்கு,” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது.

திங்கட்கிழமை அவர் என் காரைக் கழற்றிக்கொண்டிருந்தார். “டாக்டர் எதுக்கு? அதான் நீயே சொல்லிட்டியே சார்,” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மழைக்காலத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது மெக்கானிக் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். உறவினர்களிடம், “சார் அப்பவே எக்ஸ்ரே பாத்தாரு. அப்ப ஒண்ணுமில்ல. அப்பறமாத்தான் வந்துகீது,” என்றார்.

நம்பித்தான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.