மச்சினன் எடைக்கு ஒரு வண்டி

கழிமுகத்தை ஒட்டிய சாலையில் படகுப் பட்டறைகள் வரிசையாக இருந்தன. அதில் கடைசித் தகரக் கொட்டகைக்காரரைத் ‘தராசு’ என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. கையில் எடுத்த எதையும் எடை போடாமல் கீழே வைக்காத மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? போல்ட்டை எடுத்தால் ஒரு எடை, அதில் துளை போட்டுக் குடைந்தபின் இன்னொரு எடை. பக்கத்துப் பட்டறை எஞ்சின் மெக்கானிக் ஒருநாள் டீயை நீட்டிவிட்டு, “எடை போட்டுட்டுக் குடிங்கண்ணே” என்றார். தராசு சிரிக்கவில்லை. மனைவி போனதிலிருந்து அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவர் செய்துகொண்டிருந்தது நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கி, தண்ணீரில் பாயும் மோட்டார் வண்டி. உட்கார்ந்து ஓட்டுகிற வகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைச் சுளிப்பார். அது தண்ணீரில் போகிற நாற்காலியாம். இதில் சீட் என்ற பேச்சே இல்லை. பின்பக்கத் தட்டில் இரண்டு கால்களையும் ஊன்றி, முன்னாலிருந்து நீண்டு வரும் கைப்பிடித் தண்டைப் பிடித்துக்கொண்டு, அலையில் ஏறி, வண்டியோடு சேர்ந்து அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். கம்பெனியில் வாங்குகிற வண்டி கனம், இதற்கு ஆகாது. எருமை எங்கேயாவது குட்டிக்கரணம் அடிக்குமா? அதனால் கார்பன் இழைத் துணியும் அதை இறுக்கும் ரெசின் பசையும் வைத்துத் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கட்டுகிற வண்டியும் சட்டை மாதிரிதான், ஒரே ஒரு உடம்புக்குத்தான் சரியாக இருக்கும். ஓட்டுகிறவனின் உயரத்துக்குத் தண்டின் நீளம், பாதத்துக்குக் கால்பிடி, எடைக்கு வண்டியின் வயிறு. வயிற்றைச் சிறுக்க வைத்தால் வண்டி லேசாகும், காற்றில் நன்றாகச் சுழலும். ஆனால் தண்ணீர் தூக்குகிற அளவு தூக்கும், அதற்கு மேல் அதனிடம் பேரம் பேச முடியாது.

தராசு மனசில் வைத்திருந்த உடம்பு மச்சினனுடையது. மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் கொட்டகையே கதி என்று கிடந்தவன். மாமா கட்டுவார், மச்சினன் ஓட்டுவான், அக்கா துண்டும் கையுமாகக் கரையில் நின்று இருவரையும் ஒரே மூச்சில் திட்டுவாள். பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். அடுத்த வருடமே அக்காவும் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து அவன் பஸ் ஏறியதோடு சரி, மூன்று வருடமாக நேரில் பார்க்கவில்லை.

அக்கா இருந்தவரை ஞாயிறு காலையில் அவன் போன் செய்வது அவளுக்காகத்தான். “சாப்ட்டியாடா” என்று ஆரம்பிப்பவள், பேசித் தீர்த்துவிட்டுக் கடைசியில், “இந்தா, மாமாகிட்ட பேசு” என்று நீட்டுவாள். மாமாவின் பங்குக்கு மீதி இருப்பது அரை நிமிடம். அவள் போன பிறகும் போன் வந்தது. ஆனால் என்ன பேசுவது?

“அப்புறம் மாமா?”

“அப்புறம் என்ன மாப்ள.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பார்கள். சில வாரம் இப்படியே போனது. இனி இந்த போனும் வராது என்று ஒருநாள் தராசுக்குத் திக்கென்றது. அக்காவே இல்லை, அப்புறம் மாமா என்ன உறவு? பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

“உனக்கு ஒரு ஸ்கி பண்ணிட்டிருக்கேன் மாப்ள. நீ ஓட்டினதுலயே இதுதான் லேசான வண்டி.”

“நெஜமாவா மாமா?”

அந்தக் குரலில் பழைய மச்சினன் எட்டிப் பார்த்தான். தராசுக்கு அது போதும். சொன்ன பொய்யை மெய்யாக்க அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டார். வண்டி முடிந்தால் அவன் வருவான், வந்தால் ஓட்டுவான், ஓட்டிப் பார்த்தால் அடிக்கடி வருவான். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போவது குறைந்தது. வீட்டில் ஃபேன் சத்தம் ஒன்றுதான், கொட்டகையில் பம்பு சத்தமாவது துணைக்கு இருந்தது. மோல்டில் கார்பன் துணியை விரித்து, ரெசினைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஒட்டி, பம்பை வைத்து உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்ச வேண்டும். எங்கேயாவது காற்று கசிந்தால் மெல்லியதாகச் சீறும். அந்தச் சீறலைத் தேடிக் காதைத் தாளோடு வைத்துக்கொண்டு கிடப்பார். ரெசின் கொஞ்சம் கூடிப்போனது என்பதற்காக முழு மேல்பாகத்தையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

“பெயின்ட் அடிக்காம கறுப்பாவே விடப்போறீங்களா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“பெயின்ட்டும் எடைதான்.”

“அப்போ ஓட்டுறவரை மொட்டை அடிச்சுக்கிட்டு வரச் சொல்லிடுங்க.”

ஞாயிறு தவறாமல் போன் வந்தது. இப்போது பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தண்டு, பம்பு, கால்பிடி என்று நேரம் போவது தெரியாது. ஆனால் கடைசியில் மச்சினன் ஒன்று சொல்வான்: “அவசரமே இல்ல மாமா. நிதானமா பண்ணுங்க.” அதைக் கேட்டால் தராசுக்குச் சுருக்கென்று இருக்கும். வர மனசு இருக்கிறவன் அவசரமில்லை என்பானா? கோபத்தில் இன்னும் வேகமாகச் செய்தார்.

ஒருவழியாக வண்டி முடிந்தது. மச்சினனும் வருவதாகச் சொல்லிவிட்டான்.

கொட்டகை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து கனத்த ஆள் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை விறைப்பாக நீட்டி இறங்கினார். இவருக்குப் பின்னால் மச்சினன் இறங்குவான் என்று தராசு பார்த்துக்கொண்டே நின்றார். கார் போய்விட்டது.

“என்ன மாமா, அடையாளம் தெரியலையா?”

தராசு கார் போன திசையையே திரும்பிப் பார்த்தார். மச்சினன் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நேராக வண்டியிடம் போய், முன்மூக்கை ஒரு கையால் தூக்கினான். வண்டி எழுந்து வந்தது. “என்ன மாமா இது, உள்ளே ஒண்ணுமே இல்லையா?” என்றான். எத்தனையோ ராத்திரி மனசுக்குள் கேட்டுப் பார்த்த வார்த்தை அது. தராசு மூக்கைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீரில் இறக்கினார்கள். ஆழத்தில் வண்டியை எடுக்க முதலில் தட்டில் மண்டியிட வேண்டும், வேகம் பிடித்த பிறகுதான் எழுந்து நிற்க முடியும். மச்சினன் முழங்காலை மடக்கியதும் முகம் கோணிப்போனது. பின்பக்கம் அப்படியே அமிழ்ந்து, தண்ணீர் அவன் மார்வரை வந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. மறுபடி முயன்றான், மறுபடி அமிழ்ந்தான். வேடிக்கை பார்க்க வந்த மெக்கானிக், வேலை இருப்பதாக முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

கொட்டகைக்குத் திரும்பி, ஈரத் துணியோடு நின்றவனிடம் தராசு கேட்டார். “எவ்வளவு இருக்க இப்போ?”

“தெரியல மாமா. பாக்குறதையே விட்டுட்டேன்.”

உத்தரத்தில் வண்டியை எடை போடுகிற கொக்கித் தராசு தொங்கியது. மச்சினன் அதையும் மாமாவையும் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து, கால்களைத் தூக்கித் தொங்கினான். வயிறு வெளியே வர, சந்தையில் தொங்குகிற பூசணிக்காய் போல மெதுவாகச் சுற்றினான். தராசு வெடித்துச் சிரித்துவிட்டார். தொங்குகிறவனும் சிரித்தான். அக்கா இருந்திருந்தால் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள்.

முள் எண்பத்தொன்பது கிலோவில் நின்றது. வண்டியின் வயிற்றை அவர் அறுபத்துமூன்று கிலோ ஆளுக்கு வெட்டியிருந்தார்.

சிரிப்பு அதோடு போயிற்று. போல்ட் போல்ட்டாக எடை பார்த்த மனிதர், ஓட்டப்போகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கண்ணில் அவன் போன வருடத்து உடம்பில்கூட இல்லை, அக்கா இருந்த காலத்து உடம்பிலேயே இருந்தான். அந்த வெட்கம் கோபமாக வெளியே வந்தது.

“ஏன்டா சொல்லல? வாராவாரம் பேசினோமே.”

“நீங்க கேக்கல மாமா.” மச்சினன் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். “ரெண்டு வருஷம் முன்னாடி மாடிப்படியில விழுந்தேன். அதுலேர்ந்து முழங்காலைச் சரியா மடக்க முடியல. சொல்லியிருந்தா நீங்க வண்டியை நிறுத்தியிருப்பீங்க. அப்புறம் நாம எதைப் பேசுறது?”

தராசு ஒரு துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார்.

“அதான் நிதானமா பண்ணுங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்” என்றான் மச்சினன்.

சாயந்திரம் அவன் கிளம்பினான். தராசு அந்தக் கறுப்பு வண்டியைத் துடைத்துச் சுவரோரம் நிறுத்தி, பழைய போர்வையைப் போர்த்தினார். விலைக்குக் கேட்டு வந்தவரிடம் எரிந்து விழுந்தார். அந்த வாரம் முழுவதும் கொட்டகையில் பம்பு சத்தம்கூட இல்லை.

ஞாயிறு காலையில் போன் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. தராசு இரண்டு முறை எடுத்துப் பார்த்தார், சார்ஜ் இருந்தது. இனி எதற்கு வரப்போகிறது என்று வைத்துவிட்டு எழுந்தபோது அடித்தது.

“கால் எப்படி இருக்கு மாப்ள?” என்றார் எடுத்த எடுப்பில்.

“பரவால்ல மாமா. படி ஏறினாத்தான் வலி.”

“சாப்ட்டியா?”

அவள் கேட்கிற கேள்வி. தன் வாயில் அது அந்நியமாக இருந்தது.

“ம். நீங்க?”

“ம்.”

அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. மறுபடி அந்தப் பழைய மூச்சு.

“அப்புறம் மாமா?”

தராசு வெறிச்சென்று கிடந்த கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். “எண்பத்தொன்பதுக்கு இன்னொண்ணு ஆரம்பிச்சிட்டேன் மாப்ள. மண்டி போடாம ஏறுற மாதிரி தட்டை மாத்திப் பாக்கலாம்னு இருக்கேன். பலகையில அளவு போட்டுட்டிருக்கேன்.”

அப்படி ஒரு வண்டி ஆகாது என்று இருவருக்குமே தெரியும்.

“நாளாகுமா மாமா?”

“ஆகும். நிறைய நாளாகும்.”

“சரி மாமா” என்றான் மச்சினன். “அடுத்த வாரம் பேசுறேன்.”

போனை வைத்த தராசு, மூலையில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டுத் தூசியைத் தட்டினார். பென்சிலைத் தேடி எடுத்து முதல் கோட்டைப் போட்டார். பலகையை எடை போடவில்லை.