அக்காவின் கைப்பைப் பாடம்

அக்கா இறந்துவிட்டார் என்று பள்ளியிலிருந்து கைபேசியில் செய்தி வந்தபோது நான் சிரித்தேன்.

இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு என் மனைவி எஸ்தர் மூலமாகக் கதை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். மீதிப் பேர் அச்சில் படித்துக்கொள்ளட்டும். தலைமை ஆசிரியை குரல் நடுங்க இந்தியில் பேசினார். "உங்க அக்கா, வகுப்பறையிலேயே... உடனே வாங்க சார்" என்றார். புனேயின் ஹடப்சர் தொழிற்பேட்டையில், எங்கள் கம்பெனி கேன்டீன் வாசலில் டீ கிளாஸும் கையுமாக நின்றிருந்த நான், "மேடம், எழுந்திரிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை நான் மாலை வாங்கமாட்டேன்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டேன். நான் நிதானமாக டீயைக் குடித்தேன்.

கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்கா அதற்கு முன் பல தடவை இறந்தவர். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில், மூன்றாம் வகுப்பில், ஒரு பாடவேளை முழுக்க இறந்து கிடப்பார். மணி அடித்ததும் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போவார்.

அக்கா பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பாவுக்குப் புனேயில் ராணுவப் பணிமனையில் ஃபிட்டர் வேலை கிடைத்துக் குடும்பம் ரயிலேறியபோது அக்கா கைக்குழந்தை. நான் இங்கே, கேம்ப் பகுதியில், தேவாலயத்துக்குப் பின்சந்தில் இருந்த வாடகை வீட்டில் பிறந்தவன். காய்கறிக்காரரிடம் மராத்தி, பஸ் கண்டக்டரிடம் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று அக்காவின் நாக்கு ஊர் சுற்றும். என்னைத் திட்டுவதற்கு மட்டும் திருநெல்வேலித் தமிழை அழுக்குப் படாமல் எடுத்து வைத்திருந்தார்.

அக்கா ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அப்பா காலமானார். அம்மா படுத்த படுக்கையானார். காலையில் அம்மாவுக்கு உடம்பு துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு, பகலில் அந்தச் சின்ன ஆங்கிலப் பள்ளியில் வேலை, மாலையில் டியூஷன். என்னை டிப்ளமோ படிக்க வைத்தது அந்த டியூஷன்தான். வரன்கள் வந்தன. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அக்கா. பிறகு தம்பி படிக்கிறான் என்றார். அம்மாவும் போய், நானும் படித்து முடித்து, எஸ்தரையும் கட்டிக்கொண்டு வந்த பிறகு நான் ஒரு தரம் கேட்டேன். "இனிமேலாவது உனக்கு ஒண்ணு பாக்கட்டுமாக்கா?"

"போலே. வருஷா வருஷம் மூணாங்கிளாஸ்ல நாப்பது பிள்ளையள மேய்க்குதேன். இதுல உன்னையும் சேத்தா நாப்பத்தொண்ணு. இன்னும் ஒரு ஆளையும் மேய்க்கச் சொல்லுதியா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்காவுக்குப் பிடித்த பாடம் வரலாறு. ஆனால் எட்டு வயதுக் குழந்தையிடம் ராஜா பெயரும் வருஷமும் ஒப்பிக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "இதுவளுக்கு போன வாரமே ரொம்பப் பழசு. இதுல நானூறு வருஷத்த எங்க கொண்டு வைக்கது?" என்பார். அதனால் வகுப்பறைக் குப்பைக்கூடையிலிருந்து தொடங்குவார். கடைசி மணிக்கு முன்னால் கூடையை ஒரு பழைய பெட்ஷீட்டில் மெதுவாகச் சாய்த்துப் பரப்பி, கூடையில் அடியில் இருந்தது காலை, மேலே இருந்தது மத்தியானம் என்று குழந்தைகளே அந்த நாளைப் படிக்க வேண்டும். பென்சில் சீவல் நிறையக் கிடந்த இடம் கணக்குப் பரீட்சை. அதன் மேல் ஆரஞ்சுத் தோல், அப்படியானால் இடைவேளை. யார் ஆரஞ்சு கொண்டுவந்தது என்பது வரை துப்பறிந்து விடுவார்கள்.

தீபாவளிக்கு இங்கே பிள்ளைகள் வீட்டு வாசலில் மண்ணைக் குழைத்துக் 'கில்லா', அதாவது கோட்டை, கட்டிச் சிப்பாய் பொம்மைகளை நிறுத்துவது உங்களுக்குத் தெரியும். அக்கா பள்ளி மைதானத்தில் கட்டவைத்த கில்லாவில், கோட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து வரும், சமைப்பது யார், குதிரைச் சாணியை அள்ளுவது யார் என்று கேட்டுக் கேட்டு, ராஜாவைவிடச் சாணி அள்ளுகிறவர் பொம்மைதான் அதிகமாக நின்றது. ஒரு அப்பா வந்து சண்டை போட்டார். அக்கா அவரையும் உட்காரவைத்துக் குதிரை லாயம் கட்டச் சொன்னார். கட்டிவிட்டுத்தான் போனார்.

இவற்றிலெல்லாம் பெரியது கைப்பைப் பாடம். அக்கா தரையில் பாயை விரித்துக் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். "நான் செத்துப்போயிட்டேன். என்னைக் கேட்கமுடியாது. என் பை இருக்கு. நான் யாருன்னு நீங்களே கண்டுபிடியுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிவிடுவார். பைக்குள் பஸ் டிக்கெட், பாதி தீர்ந்த தைலம், சர்ச் பாட்டுத்தாள், ஒற்றைக் கம்மல் என்று சாமான்களை முன்கூட்டியே யோசித்துப் போட்டிருப்பார்.

அந்தப் பாடத்தை அவர் முதன்முதலாக நடத்தியது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆபீஸ் மேசையில் ஃபோன் அடித்தது. எடுத்தால் ஒரு சின்னக் குரல்.

"நீங்கதான் டீச்சரோட தம்பியா?"

"ஆமா, நீ யாரு?"

"டீச்சர் செத்துட்டாங்க. அவங்க பையில உங்க நம்பர் இருந்துச்சு. அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! ரிசீவரைக் கீழே வைத்தேனா என்பதே தெரியாது. வகுப்பை விட்டு நழுவிப் பள்ளி ஆபீஸ் அறைத் தொலைபேசியைப் பிடித்த அந்த வாண்டு, சாட்சி விசாரிக்க ஆசைப்பட்டிருக்கிறது. நான் தலையில் மாட்டிய தொழிற்சாலை ஹெல்மெட்டோடு ஆட்டோவில் ஏறினேன். வழியில் பி.சி.ஓ.வில் இறங்கிப் போதகருக்குச் சொன்னேன். பக்கத்திலேயே பூக்கடை. எந்தப் புத்தியில் வாங்கினேனோ, ஒரு மாலையும் வாங்கினேன். "காய் ஜாலா, தாதா?", என்ன ஆச்சு அண்ணே, என்று ஆட்டோக்காரர் மராத்தியில் கேட்க, அக்கா போய்விட்டாள் என்று நான் கதற, அந்த மனிதர் சிக்னல் எதையும் மதிக்கவில்லை. என்னோடு படியேறியும் ஓடிவந்தார்.

வகுப்பறை வாசலில் அக்கா பாயில் கிடப்பதைப் பார்த்து நான் வைத்த கூப்பாட்டில் ஜன்னல் புறா பறந்தது. அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏலே, ஆருக்குலே மாலை?"

"டீச்சர்! செத்தவங்க பேசக்கூடாது!" என்று ஒரு குழந்தை அதட்டியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சத்தியமாக மூடிக்கொண்டார். நான் மாலையோடு நிற்கிறேன், என் பின்னால் ஆட்டோக்காரர் கண்ணைத் துடைக்கிறார், குழந்தைகள் என்னையும் ஒரு தடயமாக எடுத்துக்கொண்டு சுற்றி வந்து பார்க்கிறார்கள்.

"தொப்பி போட்டிருக்கார். மேலேருந்து சாமான் விழற எடத்துல வேலை."

"ஷூ கயிறு கட்டலை. ஓடி வந்திருக்கார்."

"கண்ணு சிவப்பா இருக்கு. டீச்சரை இவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

"ஆனா மூளை கம்மி. மூக்குகிட்ட கை வச்சுப் பார்க்காமலே அழறார்."

பாயில் கிடந்த உடம்பு குலுங்கியது. மணி அடித்ததும் அக்கா எழுந்து, மாலை வீணாகக்கூடாது என்று அதை என் கழுத்தில் போட்டார். அந்த நேரம் பார்த்துப் போதகர் சபைப் பெண்கள் சூழ உள்ளே நுழைந்தார். அதற்கு மேல் எழுத என் கை கூசுகிறது.

அன்று தலைமை ஆசிரியையாக இருந்த அம்மையாருக்குக் கோபமான கோபம். பாடத்தையே நிறுத்தச் சொன்னார். சின்னக் குழந்தைகள் பயந்துவிடும், விளையாட்டென்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அக்கா யோசித்து ஓர் அடையாளம் வைத்தார். படுப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கண்ணாடி மேசையில் இருந்தால் விளையாட்டு. அதை எடுத்து மாட்டினால் விளையாட்டு முடிந்தது. அந்த ஏற்பாட்டின் பேரில்தான் பாடம் பிழைத்தது. எனக்கும் ஓர் அடையாளம் கிடைத்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் முந்தின நாள் ஃபோன் செய்வார். "ஏலே, நாளைக்கு நான் சாவேன். நீ வேலையப் பாரு." எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

அதனால்தான் போன வருஷம் நான் டீ குடித்தேன். முந்தின நாள் ஃபோன் வரவில்லையே என்று மூளை ஒரு நொடி கேட்டது. மறந்திருப்பார், வயதாகிறதல்லவா என்று அதற்குப் பதில் சொன்னேன். இது மழைக்காலமும் இல்லையே என்று கேட்டது. பரீட்சை நெருங்குகிறது, ரிவிஷன் நடத்துகிறார் என்றேன். இப்படி ஒரு விளக்கத்தை உலகத்தில் வேறு எவனும் யோசித்திருக்கமாட்டான்.

கேலி செய்யலாம் என்று அக்காவின் கைபேசிக்கே அடித்தேன். நீண்ட நேரம் அடித்தது. கடைசியில் எடுத்தவர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, சுமன் மாவ்ஷி. கைப்பைப் பாடம் நடக்கும்போதெல்லாம் கதவோரம் நின்று முந்தானையை வாயில் அடைத்துச் சிரிப்பவர். நடிக்கத் தெரியாத மனுஷி. அவர் அழுதார். "தாதா, வாங்க" என்ற ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதறுவதில் பேர்வாங்கிய நான் அன்று பதறவில்லை. கேன்டீன் குழாயடிக்குப் போய் டீ கிளாஸைக் கழுவினேன். அது என் வேலையே இல்லை. உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். உடன் வேலை செய்யும் நண்பர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, ஸ்கூட்டரில் உட்காரவைத்து, ஒரு கையால் என் கையை எடுத்துத் தம் இடுப்பில் சுற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அக்கா முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றேன். ஒரு கண்ணைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் என்னை நகர்த்தும் வரை பார்த்தேன்.

கடைசி நாட்களில் அக்கா தோள் வலிக்கிறது என்றார். கில்லாவுக்கு மண் சுமந்த வலி இன்னும் போகவில்லை என்று அவரே சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தார். கில்லா கட்டி மாதக்கணக்காகிவிட்டிருந்தது. எங்களில் ஒருவரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த சில நாட்களில், முக்தா என்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி தன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். அக்காவின் நாற்காலியைச் சரியாகக் கண்டுபிடித்து, அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர் விழுந்ததும் எல்லாரும் பையைத்தான் எடுத்தாங்க அங்கிள். விளையாட்டுன்னு நினைச்சு எல்லாத்தையும் வெளியில வச்சு அடுக்கினாங்க. நான் மேசையைப் பார்த்தேன். கண்ணாடி இல்ல. டீச்சர் மூஞ்சியிலதான் இருந்துச்சு, ஒரு பக்கம் வளைஞ்சு. அதான் மாவ்ஷிகிட்ட ஓடினேன்."

நான் அவளுக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நீங்க என்ன பண்ணீங்க அங்கிள்?"

"சிரிச்சேன்மா."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன், உங்களுக்கு யாரும் அடையாளம் சொல்லித்தரலையா?"

இந்த முதலாண்டு நினைவில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தம் கையால் தூக்கி வண்டியில் ஏற்றிய சுமன் மாவ்ஷிக்கும் காவலாளிக்கும் நன்றி. என்னிடம் அப்படியொரு பதிலைக் கேட்டும் ஆஸ்பத்திரி வரை கூடவே இருந்த தலைமை ஆசிரியைக்கு என் வணக்கமும் மன்னிப்பும். மறுபடியும் நான் கூப்பிட்டபோது "இந்தத் தடவை நிஜம்தானா?" என்று கேட்காமல் வந்த போதகருக்கும், என்னைச் சுமந்து ஓட்டிய நண்பருக்கும், பாளையங்கோட்டையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து தோள்கொடுத்த சொந்தங்களுக்கும், அடுப்படியை எங்களுக்காக எடுத்துக்கொண்ட சபைப் பெண்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. எல்லோருக்கும் முன்னால் முக்தாவுக்கு நன்றி. அவள் ஓடியிராவிட்டால், மணி அடிக்கும் வரை அக்கா அப்படியே கிடந்திருப்பார்.

நடந்தது இவ்வளவுதான். அன்று கைப்பைப் பாடம் எதுவும் இல்லை. அக்கா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து விழுந்தார். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கண்ணாடி கண்ணில் இருந்தது.