கெட்டுப்போன தொட்டி

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைத் தயிரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சோளமாவைச் சர்க்கரைப் பாகாக்கி, அதில் கிருமிகளை விட்டு, புளிக்கவைத்து அமிலம் எடுக்கிற இடம் அது. தயிரில் இருக்கும் அதே அமிலம்தான். இங்கிருந்து லாரி லாரியாகப் போய் மக்கும் பிளாஸ்டிக்காகிறது. கிருமிகளை வளர்த்துத் தொட்டியில் விடுவது அவள் வேலை. பெற்ற பிள்ளையையாவது நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை.

அக்காவை நேரில் பார்த்து ஐந்து வருடமாகிவிட்டது. அம்மா போனபின் அவளை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா. இப்போது அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

"முழுசா இருட்டுறதுக்குள்ள உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும்டி" என்பாள் அக்கா போனில்.

"இந்தத் தொட்டி புளிச்சு இறங்கட்டும்க்கா, வந்துடுறேன்."

ஒரு தொட்டி இறங்கினால் அடுத்தது ஏறிவிடும். ஏக்கம் மட்டும் இறங்கவே இல்லை.

அன்று காலை தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கும்போதும் போனில் அக்காதான். மாதிரி எடுக்கும் முன் குழாயில் ஐந்து நிமிடம் நீராவி விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்கிருமி உள்ளே புகுந்துவிடும். "இன்னிக்கு காலண்டர்ல தேதி தெரியலடி" என்றாள் அக்கா. இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரே நிமிடத்தில் நீராவியை மூடிவிட்டாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், அழையா விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக. தொட்டி முழுக்கப் பாழ். பதறிப்போய் மேலாளரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் முதலில் துள்ளியது சந்தோஷம், பாவி. கொட்டிக் கழுவி மறுபடி ஏற்ற நாலு நாளாகும். அதுவரை அவளுக்கு இங்கே வேலையில்லை.

"நான்தான் சார், நீராவிய சீக்கிரம் மூடிட்டேன்" என்று மேலாளரிடம் மறைக்காமல் சொன்னாள்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். கூடவே விடுப்புக் கடிதத்தையும் நீட்டினாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஊர் போய்ச் சேர்ந்ததும், அக்கா அவளை ஜன்னலோரம் இழுத்து நிறுத்தினாள். இரண்டு கையாலும் முகத்தை ஏந்தி, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இளைச்சுட்டியேடி" என்றாள்.

இந்த ஐந்து வருடத்தில் பத்து கிலோ ஏறியிருந்தாள் தயிரம்மா. பாசக்காரர்களுக்கு யாரைப் பார்த்தாலும் இளைத்துத்தான் தெரியும். அக்கா பாசத்தில் சொன்னாளா, கண் தெரியாமல் சொன்னாளா? கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஆமாக்கா, வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, முகத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.