பட்டாசு ஊரில் இங்கிலீஷ் பரீட்சை

நுழைவுத் தேர்வுக்கு இங்கிலீஷ் படிக்கிறதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பயம் என்கிற மேஸ்திரி மட்டும் எந்நேரமும் நம் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்து, இங்கிலீஷ் பேப்பரைக் கையில் வாங்கும்போதெல்லாம் பயந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் ஏழு வருஷம் பட்டாசு லேபிள் எண்ணிக் கட்டுப்போட்டவள். என் வீட்டுக்காரர் கருப்பசாமி எம்.புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், குழாயில் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தார். எனக்கு டீச்சராக ஆசை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு இருக்கிறது, வயசு வரம்பு கிடையாது, ஆனால் என்ட்ரன்ஸ் எழுத வேண்டும், அதில் இங்கிலீஷைத் தாண்டாமல் ஒன்றும் நடக்காது என்று தெரிந்தபோது எனக்கு இருபத்தைந்து முடிந்திருந்தது.

விண்ணப்பம்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குத்தான் போனேன். வெளியே நின்று மூன்று தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். பேர், அப்பா பேர், முகவரி எல்லாம் சரசரவென்று அடித்தார். பாஸ் பண்ணின வருஷத்தில் மட்டும் அவர் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார், மறுபடி மார்க் ஷீட்டைப் பார்த்தார்.

என் காது சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "தங்கச்சி மார்க் ஷீட்டோட தங்கச்சியக் கூட்டிட்டு வாங்கக்கா, போட்டோ எடுக்கணும்."

என் பேர்

கோச்சிங் கிளாஸ் ஒரு பேப்பர் ஸ்டோருக்கு மேல் மாடியில். இருபத்திரண்டு பேர். என்னைத் தவிர எல்லாரும் பள்ளிக்கூட யூனிபார்மைக் கழற்றி ஒரு வருஷம் ஆகாதவர்கள். இங்கிலீஷ் எடுக்க கோயம்புத்தூரிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். அவருக்கே என்னைவிட ஒன்றிரண்டு வயசு குறைவாக இருக்கும். முதல் நாளே ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி சொல்லச் சொன்னார்.

என் முறை வருவதற்குள் மனசுக்குள் முப்பது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுந்து நின்றதும் வார்த்தைகள் இடம் மாறிக்கொண்டன. கடைசியில் வாயிலிருந்து வந்தது, 'ஐ ஆம் ஹஸ்பண்ட் கருப்பசாமி.' யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது: எல்லாருக்கும் அதே பயம். என் பக்கத்தில் புதுப்பட்டிப் பெண் ஒருத்தி, நாகலட்சுமி என்று பேர், பதினேழு வயசு, எழுந்து நின்று ஒரு நிமிஷம் மிஸ்ஸையே பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் காதில் சொன்னாள்: "நீங்களாச்சும் நாலு வார்த்த சொன்னீக. எனக்கு எம்பேரே மறந்துபோச்சுக்கா."

வங்கியிலிருந்து ஓடிய பெரியவர்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முக்கால்வாசி லேபிளில் படித்தது. எங்கள் பிரஸ்ஸில் ஓடுகிற எல்லாப் பெட்டி லேபிளிலும் ஒரு வரி இருக்கும்: லைட் தி ஃபியூஸ் அண்ட் ரிட்டயர் இமீடியட்லி. அதற்குக் கீழேயே தமிழில், 'திரியைக் கொளுத்தியதும் உடனே விலகிச் செல்லவும்.' ஏழு வருஷமாக லட்சக்கணக்கில் அதை எண்ணியிருக்கிறேன். ஆகவே ரிட்டயர் என்றால் என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு பெரியவர் வங்கியிலிருந்து ரிட்டயர் ஆனார், அதற்கு என்ன பொருள் என்று மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. நாலு விடையில் ஒன்று, 'வேகமாக வெளியே போனார்.' தைரியமாக டிக் அடித்த ஒரே கேள்வி அதுதான். பேப்பர் திரும்பி வந்தபோது அதில்தான் பெரிய சிவப்பு வட்டம். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று மிஸ் கேட்டார். பையில் கிடந்த ஒரு லேபிளை எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டு மொழியையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு சொன்னார்: "பரீட்சைக்கு இது தப்பு, செல்வராணி. ஆனா உங்க ஊருக்கு இதுதான் சரி."

சரி

என் வீட்டுக்காரர் எட்டாவது வரைக்கும் படித்தவர். சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்து, குளித்து, தலையிலிருக்கிற மருந்து வாடை போனதும் என் வார்த்தை நோட்டை எடுத்து வைத்துக்கொள்வார். அவர் தமிழ் அர்த்தத்தைப் படிப்பார், நான் இங்கிலீஷ் வார்த்தையும் எழுத்துக்கூட்டலும் சொல்ல வேண்டும். சில நேரம் 'சரி' என்பார். சில நேரம் 'இல்ல, மறுபடி சொல்லு' என்பார். அநேகமாக அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

ஒரு மாசம் கழித்து ஒருநாள், அவர் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதைப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுதியிருந்த பாதி அடியில் மடங்கிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் எப்படித் திருத்துகிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு எங்க இங்கிலீஷ் தெரியும் என்றார். அப்படியென்றால் இத்தனை நாள் சரி, தப்பு என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்றேன். "நீ பயப்படாமச் சொன்னா சரி. பயந்து சொன்னா தப்பு. அம்புட்டுதான்."

சனிக்கிழமை

அன்றைக்கு முழு மாதிரித் தேர்வு. மிஸ் வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை வைத்து, எல்லா போனையும் அதில் போடச் சொல்லியிருந்தார். பத்தரை மணி இருக்கும். பதினெட்டாவது கேள்வியில் இருந்தேன். சத்தம் கேட்டது. வெடிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாண வீட்டு வெடி எது, கம்பெனியில் சோதனைக்குப் போடுகிற வெடி எது, இது எது என்று எங்கள் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடியின் அதிர்வு அடங்குவதற்குள் இருபத்திரண்டு பேரும் எழுந்துவிட்டோம். யாரோ பட்டாசு விடுகிறார்கள், உட்காருங்கள் என்றார் மிஸ். வாளிக்குள் இருபது கை இருந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ரிங் போகும், எடுக்க மாட்டார்கள். ஆள் வேலையில் இருப்பதால் எடுக்கவில்லையா, ஆளே இல்லாததால் எடுக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நான் பதினோரு தடவை போட்டேன். நாகலட்சுமி அவள் அம்மாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் அதே பக்கத்தில் இன்னொரு கம்பெனியில் திரி வேலை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவர் ஒவ்வொரு கம்பெனி பேரை அனுப்பினார்கள். ஒரு செய்தியில் எங்கள் கம்பெனி பேரும் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே மறுபடி போட்டேன்.

ஐம்பது நிமிஷம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நாந்தான், நம்ம கம்பெனி இல்ல, ஓடைக்கு அந்தப் பக்கம் என்றார் என் வீட்டுக்காரர். போர்மேன் போனை வாங்கிப் பேசுகிறேன் என்றார். நான் அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாகலட்சுமியின் அம்மாவும் நல்லபடியாக இருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. திங்கட்கிழமை மிஸ் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சத்தம் கேட்டதும் நீங்கள் எல்லாரும் மேற்கே பார்த்தீர்களே, எந்த இடம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நாகலட்சுமி எழுந்து பதில் சொன்னாள்: "தெச தெரியும் மிஸ். யாரு வீடுன்னுதான் தெரியாது."

வீட்டுப் பேச்சு

அதற்குப் பிறகு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று பத்து நாள் எல்லாக் கம்பெனியும் மூடிக் கிடந்தன. வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். நானும் கிளாஸுக்குப் போகவில்லை. படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நீங்கள் அந்த வேலைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, அதட்டவும் இல்லை. பாயில் மல்லாந்து படுத்தார்.

தனக்கும் பயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சொன்னார். ஒவ்வொரு நாள் காலையிலும் ரூமுக்குள் நுழையும்போது, ஓடுவதாக இருந்தால் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாராம். பிறகு எழுந்து உட்கார்ந்து என் வார்த்தை நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ சீட்டு வாங்கு. வாங்குன அன்னைக்கு நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்."

அதுவரை எனக்கு இங்கிலீஷ் மேல்தான் பயம். அன்றிலிருந்து, தப்பாகப் போடுகிற ஒவ்வொரு விடையும் அவரை இன்னொரு நாள் அந்த ரூமுக்குள் அனுப்புகிற மாதிரி இருந்தது.

மெட்டி

பரீட்சை விருதுநகரில் ஒரு கல்லூரியில். கேட்டிலேயே கம்மல், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாம் கழன்றது, இடது கால் மெட்டி மட்டும் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, ஒலிபெருக்கியில் இன்னும் பதினைந்து நிமிஷம் என்கிறார்கள். சோதனை போட்ட அம்மா எங்கிருந்தோ சோப்பு கொண்டுவந்து, தானே குனிந்து என் விரலில் தேய்த்து இழுத்தார். தோல் உரிந்து வந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் நானாகவே தாலிச் செயினில் கை வைத்தேன். அதையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார்: "அது இருக்கட்டும்மா. அதுல ஒண்ணும் பதில் எழுதியிருக்காது."

கதவு

பரீட்சை கம்ப்யூட்டரில். முதல் பத்தி தேனீக்களைப் பற்றி. இரண்டாம் வரியிலேயே தெரியாத வார்த்தை ஒன்று. மவுஸ் கைக்குள் நிற்காததால் அம்புக்குறி ஸ்கிரீனில் அங்கும் இங்கும் ஓடியது. ஒரு விடையைக் குறிபார்த்தால் அடுத்ததில் போய் விழுந்தது. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். பாதி நேரம் போனபோது பன்னிரண்டு கேள்விதான் ஆகியிருந்தது.

அப்போது வராந்தாவில் டமார் என்று ஒரு சத்தம். ஹாலில் அறுபது பேர் இருப்பார்கள். கண்காணிப்புக்கு வந்தவர் காப்பி அடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார், ஏனென்றால் ஒரு பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தோம். இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர் எங்கள் முகத்தையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். இந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். திட்டவில்லை. மெதுவாக வந்து, எழுந்து நின்றவர்களில் ஒரு பையனின் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். "கதவுப்பா. காத்துல அடிச்சிருச்சு, வெறுங் கதவு."

மூன்றாவது லிஸ்ட்

முதல் லிஸ்டில் என் பேர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அந்த மூன்று வாரமும் அவர் தினம் காலையில் தூக்குவாளியோடு கிளம்புவார், நான் பிரஸ்ஸில் லேபிள் கட்டுகளை எண்ணுவேன், எண்ணிக்கை தப்பும், மறுபடி எண்ணுவேன். மூன்றாவது லிஸ்டில், கடைசியிலிருந்து நாலாவதாக, செல்வராணி என்று இருந்தது. அது வேறு செல்வராணியாக இருக்குமோ என்று பதிவெண்ணை நாலு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கம்பெனி கேட்டுக்குப் போன் பண்ணி வாட்ச்மேனிடம் தகவல் சொன்னேன்.

தீபாவளிக்கு ஆர்டர் குவிகிற சீசன். ஒரு ஆளைக்கூட விட மாட்டார்கள், இன்றைக்கு வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டு மத்தியானம் பிரஸ்ஸிலிருந்து வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள்ளே உட்கார்ந்து காலையில் கொண்டுபோன சோற்றைத் தூக்குவாளியிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போர்மேன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "தீவாளி வரைக்கும் இருன்னாரு. மூணாவது லிஸ்ட்டு வரைக்கும் இருந்ததே போதும்னுட்டேன்."

புதுப்பட்டியிலிருந்து போன்

இப்போது அவர் பிரஸ்களுக்குப் பேப்பர் லோடு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். நான் தினம் மதுரை பஸ். நாகலட்சுமிக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை, கொஞ்சத்தில் போய்விட்டது. பிரஸ்ஸில் என் இடத்துக்கு அவளைத்தான் சேர்த்துவிட்டேன். மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா இன்னும் திரி வேலைதான்.

போன வாரம் நாகலட்சுமி போனில் பேசினாள். இங்கிலீஷ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பரவாயில்லை என்றாள். பயம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். "அடுத்த வருசம் நான் எப்படியும் வந்துருவேங்க்கா. அதுவரைக்கும் எங்கம்மாவ ரூமுக்குள்ள வாசப்படி ஓரமா உக்காந்து வேல பாக்கச் சொல்லிருக்கேன்."

பாஸ் பண்ணியாச்சே, இன்னும் எதற்கு இவ்வளவு பயப்படுகிறாய் என்று கல்லூரியில் கேட்கிறார்கள். பயப்படாமல் படித்துப் பழக்கமில்லை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.