செங்கல் மேல் வைத்த அலமாரி

அலமாரி தட்டையான ஒரு பெட்டியில் வந்தது. நீளம் என் உயரத்துக்கு மேல். கனம் ஒரு மூட்டை அரிசி இருக்கும். சனிக்கிழமை மதியம் ஒருவன் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்துவிட்டுப் போனான். ஞாயிறு காலை பத்து மணிக்குள் அதைப் பூட்டி நிறுத்த வேண்டும்.

காரணம் என் பெண். அவளுக்குப் பதினொரு வயது. அவள் அம்மா இந்த நாட்டுக்காரி, வியட்நாம். அம்மா இறந்தபோது பிள்ளையை அவள் பெரியம்மா, என் மனைவியின் அக்கா, தெற்கே கான் தோ ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் அங்கேதான் வளர்ந்தாள். நான் சைகோனில், முதல் டிஸ்ட்ரிக்டில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. ஆறாவது வகுப்புக்கு இங்கே அழைத்துக்கொள்கிறேன் என்று போனில் கேட்டேன்.  பெரியம்மா சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றோம். நான் ரூமைப் பாக்கணும். அவ உக்காந்து படிக்க, புத்தகம் வைக்க இடம் இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். கோவிச்சுக்காத."

கோவிக்க என்ன இருக்கிறது. அவள் வளர்த்தவள்.

என் அறை சந்துக்குள் தரைத்தளம். மழையும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து வந்தால் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வரும். துணியைக் கொடியில் போடலாம். புத்தகத்தை என்ன செய்வது. அதற்குத்தான் அலமாரி.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பரோட்டாக்காரன் வந்தான். எங்கள் கடையில் பரோட்டா போடுகிறவன், காரைக்குடிப் பக்கம். சந்து முனையில் அலுமினியக் கதவு செய்யும் இடத்தில் டிரில் மிஷின் இரவல் வாங்கி வந்திருந்தான். பெட்டியைப் பிரித்ததும் சிரித்தான்.

"என்னண்ணே, அலமாரின்னிய. அப்பளக் கட்டுல்ல வாங்கி வச்சிருக்கிய."

"பேசாம பிடி."

எனக்குப் படிப்பு ஐந்தாவது வரைதான். அதுவும் காரைக்காலில். இந்த அலமாரிக்குப் படிப்பு வேண்டியதில்லை. உள்ளே இருந்த தாளில் ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் படம். அதனால்தான் தைரியமாக இறங்கினேன். அதுவே தப்பாகப் போயிற்று. எழுத்து என்றால் தெரியாது என்று நின்றிருப்பேன். படம் என்றதும் தெரியும் என்று நினைத்தேன்.

படத்தில் பலகைகள் குப்புறக் கிடந்தன. நான் மல்லாந்து கிடப்பதாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கப் பலகை, மேல் பலகை, கீழ்ப் பலகை, நடுவில் ஸ்குரு போட்டுப் பூட்டுகிற தட்டு மூன்று, முளைக்குச்சி மேல் சும்மா வைக்கிற தட்டு இரண்டு. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது மணி ஏழரை. பரோட்டாக்காரன் சுற்றி வந்து பார்த்தான்.

"அண்ணே, வழுவழுப்பு எல்லாம் பின்னால போயிருச்சு. முன்னால சொரசொரன்னு இருக்கு. அலமாரி சட்டையத் திருப்பிப் போட்டிருக்கு."

பார்த்தேன். உண்மைதான். பின் அட்டை சொருகுகிற காடி முன்பக்கம் இருந்தது. அட்டை இல்லாமல் இந்த மாதிரி அலமாரி நிற்காது. பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கழற்றியே ஆக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது மரம் இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அமுக்கிச் செய்த பலகை. ஒரு தடவை திருகினால் பிடிக்கும். கழற்றி இன்னொரு தடவை திருகினால் துளை இளகும். மூன்றாவது தடவை தூளாகக் கொட்டும். முதலில் எதையும் முழுக்க இறுக்கக் கூடாது. எல்லாம் சேர்ந்த பிறகு, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றையும் கைவலிக்க இறுக்கியிருந்தேன்.

கழற்றினோம். இரண்டு துளை இளகிவிட்டது. ஸ்குரு சும்மா சுற்றியது. பரோட்டாக்காரன் சட்டைப் பையிலிருந்து பல் குத்தும் குச்சி எடுத்தான், கடையில் கல்லாவில் இருப்பது. பசையில் முக்கித் துளைக்குள் நாலு குச்சி அடைத்து ஒடித்தேன். காய நேரம் இல்லை. அப்படியே திருகினேன். பிடித்தது. போதும் என்று நினைத்தேன்.

பின் அட்டையை அடிக்கும் முன் நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்தேன். அரை விரல் வித்தியாசம். தள்ளிச் சரிசெய்து ஆணி அடித்தேன். இதை மட்டும் சரியாகச் செய்தேன்.

எட்டே முக்காலுக்கு நிமிர்த்தினோம். தரையில் வைக்க முடியாது. தண்ணீர் பட்டால் அந்தப் பலகை ஊறிப் பொருமிவிடும். சந்தில் எல்லோரும் பீரோ, கட்டில், குளிர்பெட்டி எல்லாவற்றையும் செங்கல் மேல்தான் வைத்திருப்பார்கள். நானும் இரண்டு அடுக்கு செங்கல் வைத்து அலமாரியை ஏற்றினேன். ஏற்றியதும் ஆடியது. தரை ஒரு பக்கம் சரிவு. கல்லும் ஒன்று போல் இல்லை. மேலே ஒரு விரலால் தொட்டால் முன்னால் வந்தது.

சுவரோடு பூட்டியே ஆக வேண்டும். அதற்கு இரும்புப் பட்டை பெட்டியிலேயே இருந்தது. டிரில்லை பிளக்கில் சொருகினோம்.

சத்தம் கேட்டதும் வீட்டுக்கார அம்மா வந்துவிட்டாள். அறுபது வயது தாண்டியவள். என் அறைக்கும் அவள் கூடத்துக்கும் நடுவில் அந்த ஒரு சுவர்தான். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவள் புருஷன் படம், சாம்பிராணிக் குச்சிச் சட்டி, பழம் வைத்த தட்டு. செத்துப்போனவர்களுக்கு இங்கே வீட்டுக்குள்ளேயே மாடம் உண்டு. நான் குடியிருக்கும் இத்தனை வருஷத்தில் அதை யோசிக்கவே இல்லை. சுவரில் என் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"அந்தச் சுவத்துலயா?" என்றாள்.

"ஒரு விரல் ஆழம்தான்மா. டிரில்லுல டேப் சுத்திக்கிறேன். அதுக்கு மேல போகாது."

"அவரோட தலைக்கு நேரா இருக்கு. என்னால சரின்னு சொல்ல முடியாது. அவரைக் கேக்கறேன்."

போய் ஊதுபத்தி ஏற்றினாள். ஒரு தட்டும் இரண்டு பழைய காசும் எடுத்தாள். காசுகளுக்கு ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தது. ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழுந்தால் அவர் சம்மதிக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. நாங்கள் அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். முணுமுணுத்துவிட்டுத் தட்டில் போட்டாள்.

இரண்டும் கறுப்பு.

மறுபடி கும்பிட்டுப் போட்டாள். இரண்டும் வெள்ளை.

"நம்ம ஊர்ல பூ கேட்டாக்கூட அம்மன் ரெண்டாவது தடவையில இரங்கிரும்ணே," பரோட்டாக்காரன் என் காதில் சொன்னான். "இந்த ஐயா ரொம்ப விறைப்பு."

மூன்றாவது தடவை அவள் காசைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு துணியில் முடிந்துவிட்டாள்.

"மூணாவதும் இல்லன்னு வந்தா அப்புறம் கேக்கவே முடியாது. அது வேண்டாம்."

மணி ஒன்பதேகால். அறைக்கு வந்தோம். பரோட்டாக்காரன் குரலை இறக்கினான்.

"அண்ணே, அப்படியே சுவத்துல சாச்சு வைப்போம். சும்மா பாக்கையில நல்லாத்தான் இருக்கு. பெரியம்மா பாத்துட்டுக் கிளம்பட்டும். அப்புறம் பாத்துக்குவோம்."

  அலமாரியைச் சுவரோடு ஒட்டத் தள்ளினேன். முன் கல்லுக்கு அடியில் அட்டை மடித்துச் சொருகினேன். நிற்பது போல் நின்றது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, வேறு ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். பேருந்து சீக்கிரம் வந்துவிட்டதாம். பெரியம்மா வாசலில் நின்று முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு மடக்கு மேஜை, விளக்கு, கட்டில், அலமாரி. என் பெண் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராக அலமாரிக்குத்தான் போனாள். கையில் ஒரு புத்தகம் இருந்தது. மேல் தட்டு எட்டவில்லை. கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினாள்.

அலமாரி வந்தது.

நான் இரண்டு எட்டு தூரத்தில் இருந்தேன். எப்படிப் போனேன் தெரியாது. உள்ளங்கை இரண்டையும் கொடுத்துப் பிடித்தேன். அவள் என் கைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்தாள். புத்தகம் கீழே விழுந்தது. ஒரு செங்கல் புரண்டது.

"இறங்கு," என்றேன். இறங்கினாள்.

 பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஏதோ கல் நகர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பரோட்டாக்காரன் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"இது நிக்காது அக்கா. சுவத்துல பூட்டல. தெரிஞ்சுதான் நிக்க வச்சேன்."

"ஏன் பூட்டல?"

சொன்னேன். வீட்டுக்கார அம்மாவும் வந்து வாசலில் நின்றாள். காசு விழுந்ததைச் சொன்னாள். பெரியம்மா தலையாட்டினாள். அதில் அவளுக்குச் சண்டை இல்லை. பெரியவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

"அப்ப என்ன செய்யப் போற?"

"பக்கவாட்டுல படுக்க வைக்கிறேன்."

அது அந்த நிமிஷம்தான் தோன்றியது. கைகள் இன்னும் அலமாரியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"படுக்க வச்சா தட்டெல்லாம் நட்டமால்லண்ணே நிக்கும்," என்றான் பரோட்டாக்காரன்.

"நிக்கட்டும்."

இறக்கினோம். முளைக்குச்சி மேல் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு தட்டுகளை எடுத்துவிட்டேன். படுக்க வைத்தால் அவை கழன்று விழும். ஸ்குரு போட்ட மூன்றும் இருந்தால் போதும். செங்கலை நான்கு இடமாகப் பிரித்து அடுக்கினேன். நீளமான பலகை நடுவில் தொய்யக் கூடாது. பிறகு இருவரும் தூக்கி ஏற்றினோம். மேஜை உயரம் வந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

என் பெண் குனிந்து பார்த்தாள். "புறாக்கூண்டு மாதிரி இருக்கு," என்றாள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. கிட்டே வந்து இரண்டு கைகளையும் ஊன்றி உடம்புக் கனம் முழுவதையும் போட்டாள். முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். குச்சி அடைத்த இடத்தில் 'கிரீச்' என்றது.  அது தாங்கியது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவ?"

"பத்தரை ஆகும்."

"அதுவரைக்கும் இவ?"

 ஒரு வாரமாக அலமாரியை மட்டும்தான் நினைத்திருந்தேன். மேஜை வாங்கினேன், விளக்கு வாங்கினேன். அந்த அறையில் மாலை முழுவதும் ஒரு பிள்ளை தனியாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. 

"தெரியல," என்றேன்.

வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா சொன்னாள்: "ஸ்கூல் விட்டு என்கிட்ட வரட்டும். நான் ஒரு ஆளுக்குத்தான் சமைக்கிறேன். தினம் மிஞ்சுது."

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இருவரும் அவர்கள் மொழியில், தாழ்ந்த குரலில், வேகமாக, எனக்குப் பாதி புரியாமல் பேசிக்கொண்டார்கள். எப்போது தூங்குவாள், எது சாப்பிட மாட்டாள், எந்தக் காதில் வலி வரும். அந்தக் காது விஷயம் எனக்குத் தெரியாது.

பேசி முடித்துப் பெரியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வந்து பாக்கறேன்."

"சரி அக்கா."

என் பெண் சந்து முனையில் இறக்கி வைத்துவிட்டு வந்த புத்தகப் பெட்டிகளை எடுக்க ஓடினாள். பரோட்டாக்காரன் அவள் பின்னால் போனான். நான் பெரியம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.   அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்; இங்கே அது மரியாதை.