அச்சுதனின் விண்டோஸ் 98

தில்லி கிட்வாய் நகர் அச்சுதனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தார். அதிகாரிகள் கேசட்டில் பேசிக் கொடுப்பதைக் கேட்டு அவர் அடித்த கடிதங்களில் பிழை தேடுவது வீண்வேலை என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோதும் அவர் பின்தங்கவில்லை. திரையில் உள்ளதை ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைத் தன் செலவில் வாங்கி, அன்றிருந்த விண்டோஸ் 98-இல் போட்டுக்கொண்டார்.

2004-இல் பிரிவு முழுவதும் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவருடைய மென்பொருள் பழைய சிஸ்டத்துக்கானது; புதியதில் ஓடவில்லை. புதிய பதிப்பு வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. மெல்ல மெல்ல அவருக்குக் கேசட் வருவதும் நின்றுபோயிற்று.

பிரிவு அதிகாரி பாலசுப்ரமணியம் மதுரைக்காரர். "எதுக்கு அச்சுதன் கவலைப்படுறீங்க? ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துருதுல்ல? நிம்மதியா உக்காருங்க" என்றார்.

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் அச்சுதனால் பொறுக்க முடியவில்லை.

மைத்துனன் கழித்துப்போட்ட பழைய லாப்டாப் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் 98-ஐயும் தன் மென்பொருளையும் ஏற்றி ஆபீசுக்கு எடுத்துப் போவதென்று முடிவு செய்தார். சிஸ்டம் ஏறி முடிக்கும்வரை லாப்டாப் பேசாது. யாராவது திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மனைவி ராஜி சமையலை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கறது, படி."

"எல்லாம் அழிஞ்சுடும், பரவாயில்லையாங்கறது. பயமா இருக்கு."

"அழியட்டும். அதுல என்னோடது ஒண்ணும் இல்லை."

அவள் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவர் விசைகளை அழுத்தினார். சாயங்காலம் ஆகிவிட்டது.

"ஏன்னா, வந்துடுத்து! நீலமா ஆகாசம், வெள்ளை வெள்ளையா மேகம்."

அச்சுதன் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு சத்தமும் வரவில்லை. ஒலியை இயக்கும் 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் அதில் இல்லை. மறுவாரம் இருவரும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். "இத்தனை பழசுக்கா, பாயி சாப்?" என்று சிரித்தவர்களே அதிகம். கடைசியில் ஒரு மாடிக்கடையில் அந்த டிரைவர் இருந்த சிடி கிடைத்தது. அன்று லாப்டாப் வாய் திறந்தபோது அச்சுதன் ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்களன்று அதை ஆபீஸ் மேஜையில் வைத்தார். பாலசுப்ரமணியம் வந்து பார்த்தார்.

"பழைய சிஸ்டத்தை நம்ம நெட்வொர்க்குல சேர்க்க மாட்டாங்களே அச்சுதன். வைரஸ் வந்துரும்பாங்க."

"நெட்வொர்க் வேண்டாம் சார். கேசட் குடுங்கோ. அடிச்சு ஃப்ளாப்பியில தரேன்."

"ஃப்ளாப்பியும் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு. விடுங்க, பார்ப்போம்."

யாரும் பார்க்கவில்லை. டிசம்பரில் ஊனமுற்றோர் தினம் வந்தது. இணைச் செயலாளர் தலைமையில் விழா. பாலசுப்ரமணியமே ஓடி வந்தார். "அந்த லாப்டாப்பைக் கொண்டு வாங்க அச்சுதன், ஜல்தி! நீங்க எப்படி வேலை செய்யிறீங்கன்னு எல்லாருக்கும் காட்டணும்."

மேடையில் மைக்கை லாப்டாப்பின் அருகே வைத்தார்கள். அச்சுதன் ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தார்: 'எட்டு மாதமாக இந்த அலுவலகம் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை.' பிறகு வாசிக்கும் விசையை அழுத்தினார். மூக்கால் பேசும் அந்த அமெரிக்கக் குரல் வேகமாகச் சொல்லி முடித்தது.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இணைச் செயலாளர் அவர் தோளைத் தட்டி, "வாஹ்! எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது!" என்று இந்தியில் பாராட்டினார். அச்சுதன் அதே வரியை மறுபடி வாசிக்கவிட்டார். மறுபடியும் கைதட்டல். புகைப்படக்காரர் அவரைச் சிரிக்கச் சொன்னார்.

அவர் சிரிக்கவில்லை. படம் ஆபீஸ் பத்திரிகையில் அப்படியே வந்தது.

மறு டிசம்பரில் விழாவுக்காக ஆள் அனுப்பிக் கேட்டபோது, லாப்டாப் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார். வீட்டில் அது நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.